நகராத ஃபோல்டர்

என் கடையில் நான்கு கணினிகள். நான்கின் டெஸ்க்டாப்பிலும் வலது மூலையில் ஒரு மஞ்சள் ஃபோல்டர் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் 'பட்ட ஆய்வேடு'. நான் வைத்ததல்ல. வாடிக்கையாளர் யாராவது வைத்திருந்தால் ஒரு மெஷினில் இருக்கும், நான்கிலும் அதே மூலையில் எப்படி இருக்கும்? திறந்தால் உள்ளே இன்னொரு ஃபோல்டர். அதைத் திறந்தால், இந்த இடத்தை அணுக முடியவில்லை என்று வரும். எவ்வளவு பெரிது என்று பார்த்தால் பூஜ்ஜியம் பைட். சரி, ஒன்றுமில்லாததை அழித்துவிட்டால் போகிறது என்று டெலிட்டை அழுத்தினால், 'இது சிஸ்டம் ஃபோல்டர், நீக்கினால் கணினி சரியாக இயங்காமல் போகலாம், நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்கும். ஆமாம் என்றால், அப்படி ஒரு ஃபைலே இல்லை, அதனால் நீக்க முடியாது என்று சொல்லும். கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறது, இல்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் ஷாங் யூச்சின். லான்ஜோவில் ஒரு வேளாண் கல்லூரியின் பின்வாசல் சந்தில் பதினொரு வருடமாக அச்சுக்கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு குணம், ஒரு விஷயம் ஏன் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. அந்த ஃபோல்டரை எட்டு மாதமாகப் படாத பாடு படுத்தியிருக்கிறேன். பெயரை மாற்றிப் பார்த்தேன், மாறவில்லை. குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போட்டேன், திரும்பி வந்து அதே மூலையில் நின்றது. ஒரு மெஷினை அணைத்து இரண்டு நாள் சும்மா போட்டேன். இரண்டு நாளில் அதற்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேனோ தெரியவில்லை.

சந்தேகம் முழுக்க என் தம்பி யூலின் மேல்தான். கடை மெஷின்களை எல்லாம் பார்த்துக்கொண்டவன் அவன். போன அக்டோபரில், கூட்டம் நெரியும் ஒரு நாளில், நான்கு மெஷினையும் அரை நாள் மூடி வைத்துக்கொண்டு எதையோ நோண்டினான். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒன்றுக்கும் ஆகாதவன், மெஷினுக்குள் குப்பை போடத்தான் லாயக்கு என்று ஊர் கேட்கச் சொன்னேன். அன்று சாயங்காலமே ஷென்ஜென் ரயிலில் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவன் போன மறுநாள்தான் அந்த ஃபோல்டரை முதன்முதலாகக் கவனித்தேன். என்னை எரிச்சலூட்டவே விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று முடிவு செய்துகொண்டேன்.

இது நடந்தது ஜூன் மாதம், பயிரியல் துறைக்கு ஆய்வேடு ஒப்படைக்கும் கடைசி நாளில். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பைண்டிங் செய்த மூன்று பிரதிகள் துறை அலுவலகத்தில் இருக்க வேண்டும். காலை எட்டரைக்கு நான் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஷட்டர் வாசலில் ஒரு பெண் குந்தியிருந்தாள். பாவ் சிங்லான். தின்ஷியிலிருந்து வந்து படிப்பவள். கையில் பாதி கடித்த ஆவி ரொட்டி, இன்னொரு கையில் சிவப்பு மையால் கோலம் போட்ட தாள்கட்டு.

"என்னம்மா, ஆய்வேடா, ரத்தக் காயமா?" என்று கேட்டேன்.

"புரொஃபசர் ராத்திரிதான் திருத்திக் குடுத்தாரு அக்கா. என் கம்ப்யூட்டர் போன வாரமே செத்துப் போச்சு. இங்கயே உக்காந்து எல்லாத்தையும் மாத்திட்டு, இங்கயே பிரிண்ட் எடுத்துக்கறேன்."

"இன்னிக்கு விட்டா?"

"இன்னிக்கு விட்டா டிசம்பர் பேட்ச்." ரொட்டியை மடித்துப் பையில் வைத்தாள். "எங்க மாவட்டத்து உருளைக்கிழங்கு விதைப் பண்ணையில எனக்கு வேலை கெடச்சிருக்கு. ஜூலை ஒண்ணாந் தேதி சர்டிஃபிகேட்டோட போய் நிக்கணும். இல்லன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளக் கூப்பிட்டுருவாங்க."

மூன்றாம் நம்பர் மெஷினைக் கொடுத்தேன். பென் டிரைவைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தவள் நிமிரவே இல்லை.

ஒன்பதரைக்குக் கூட்டம் வந்துவிட்டது. ஜூன் மாதத்தில் இந்தப் பிள்ளைகள் நூலகத்தில் செய்வதையே என் கடையிலும் செய்வார்கள். நாற்காலியில் ஒரு புத்தகத்தையோ தண்ணீர்க் குவளையையோ வைத்துவிட்டு ஊர் சுற்றப் போய்விடுவார்கள். திரும்பி வரும்வரை அந்த நாற்காலி அவர்களுடையது. வேறு ஒருவரும் தொட மாட்டார்கள், நின்றுகொண்டே இருப்பார்கள். நான் மட்டும் தொடுவேன். அன்றும் இரண்டாம் நம்பர் நாற்காலியில் ஒரு குவளை முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருந்தது. தூக்கி ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, நின்றவனை உட்காரச் சொன்னேன். குவளைக்காரன் வந்து, "அது சும்மா வச்சதில்ல, எடம் புடிச்சு வச்சது," என்று சண்டைக்கு நின்றான். "குவளைக்கு எதுக்குடா கம்ப்யூட்டர்?" என்று கேட்டு அனுப்பினேன்.

பத்தரைக்கு நான்காம் நம்பரில் இருந்த பெண் அந்த ஃபோல்டரைத் தெரியாமல் திறந்துவிட்டாள். அவள் ஆய்வேடு என்று நினைத்திருக்கிறாள். திறக்கவில்லை, மூட முயன்றாள், அழிக்க முயன்றாள், திரை திட்டியது. "வைரஸ்," என்று சொல்லிவிட்டு பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். கூட இருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள். மூவரும் நேராக எதிர்க்கடைக்குப் போனார்கள்.

எதிர்க்கடை பெங் கிழவருடையது. வாசலில் ஸ்டூல் போட்டு, காய்ந்த இலந்தை மிதக்கும் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

"என்ன யூச்சின், உன் கடைப் பேய் இன்னும் எறங்கலியா?"

"ஒங்க கடையில இருக்கற பேய் எறங்கி வந்து பிரிண்ட் எடுக்குதா?" என்றேன்.

"நான் நாலு பேருகிட்ட சொல்லி வச்சிருக்கேன், அங்க போனா பென் டிரைவ மொதல்ல கும்புட்டுக்கோங்கன்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் மூன்று துறைகளின் கடைசித் தேதி அந்த வாரத்தில் பாக்கி இருந்தது. அன்று அந்த ஃபோல்டரை ஒழித்துக்கட்டாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

இணையத்தில் தேடினேன். என்னைப் போல் ஏமாந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவன், மெஷினையே மாற்று என்றான். ஒருவன், அதைப் பார்க்காமல் இரு, பழகிவிடும் என்றான். பதினேழாவது பக்கத்தில் ஒரு புண்ணியவான், உள்ளே இருக்கும் ஃபோல்டரின் பெயர் முறைதவறி வைக்கப்பட்டது, விண்டோஸால் அதைப் படிக்கவே முடியாது, அதனால்தான் இல்லை என்று சொல்கிறது என்று எழுதியிருந்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருக்கிறது, ஆனால் அதற்குத் தெரியவில்லை. எட்டு மாதப் புதிருக்கு ஒரு வரியில் பதில். அப்படியானால் இது தானாக வந்ததல்ல, யாரோ வேண்டுமென்றே இப்படி ஒரு பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். எதற்காக என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கேள்வியை அப்போது நான் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கீழேயே, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து இந்த வரியை அடி என்று வழியும் சொல்லியிருந்தான். கை அரித்தது.

முதல் மெஷினில் அடித்தேன். என்டர் தட்டினேன். சத்தமே இல்லாமல் ஃபோல்டர் மறைந்துவிட்டது. மூலை காலி. நான் நாற்காலியில் சாய்ந்து அந்தக் காலி மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டு, நான்கு. சிங்லானை ஒரு நிமிடம் எழுந்திருக்கச் சொல்லி மூன்றிலும் முடித்தேன். மணி ஒன்று இருக்கும்.

"இது போனா பரவால்லியா அக்கா?" என்று சிங்லான் கேட்டாள்.

"சனியன் விட்டுதுன்னு நெனச்சுக்கோ," என்றேன். வாசலுக்குப் போய், பேய் இறங்கிவிட்டது என்று பெங் கிழவருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டரை மணிக்கு நான்காம் நம்பர் பக்கம் போனவள் அப்படியே நின்றேன். வலது மூலையில் மஞ்சள் ஃபோல்டர். 'பட்ட ஆய்வேடு'. இரண்டாம் நம்பரைப் பார்த்தேன். அங்கேயும். ஒன்றிலும். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக வந்தது. எப்படித் திரும்பி வந்தது? எங்கிருந்து? மவுஸை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினேன். எட்டு மாதமாக மல்லுக்கு நின்றது, இந்த முறை மறுக்கவே இல்லை. திரை ஒருமுறை சிமிட்டியது, அவ்வளவுதான். உள்ளே ஒன்றும் இல்லை, வெளியே ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு பெரிது என்று பார்த்தேன். பூஜ்ஜியம் இல்லை. நானூற்றுச் சொச்சம் கிலோபைட். அதே பெயர், அதே இடம், அதே மஞ்சள் நிறம். ஆனால் இது அது இல்லை.

அப்போது சிங்லான் கூப்பிட்டாள். சத்தமாகக் கூடக் கூப்பிடவில்லை.

"அக்கா, என் ஆய்வேடு திறக்க மாட்டேங்குது."

அவளுடைய பென் டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் இருந்தன. எல்லாமே நானூற்றுச் சொச்சம் கிலோபைட். எதைத் தட்டினாலும் திரை சிமிட்டியது. எண்பத்து நான்கு பக்கமும், காலையிலிருந்து திருத்திய திருத்தங்களும் எங்கே என்று தெரியவில்லை. அவளுடைய மின்னஞ்சலில் இருந்தது ஏப்ரல் மாதத்துப் பிரதி, அதில் கடைசி இரண்டு அத்தியாயமே கிடையாது.

நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் கையால் காட்டினேன். 'பென் டிரைவுக்குக் கடை பொறுப்பல்ல' என்று அதில் எழுதியிருந்தது.

"காலையில எட்டரைலேருந்து அது இங்கதான அக்கா இருக்கு," என்றாள் சிங்லான். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் கணினியையே பார்த்துக்கொண்டு, விரல் நகத்தைத் தாள்கட்டின் ஓரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஒரு மணி நேரம் நான் செய்ததெல்லாம் ஒன்றைச் செய்யாமலிருக்கத்தான். அந்தப் பதினேழாவது பக்கத்தைத் திரும்பப் படித்தேன். வைரஸ் பார்க்கும் மென்பொருளை ஓடவிட்டேன், அது எல்லாம் நலம் என்றது. வெட்கத்தை விட்டு எதிர்க்கடைக்கே போய்க் கேட்டேன். பெங் கிழவர் வந்து பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இது இந்த வருஷம் ஹாஸ்டல் பூரா பென் டிரைவ் வழியா ஓடுதே, அந்த வியாதி. என் மெஷின்லயும் ரெண்டு வாட்டி வந்து எல்லாத்தையும் தொடச்சுப் போட்டேன். உன் கடைக்கு மட்டும் எப்படி இத்தன நாள் வரலன்னு நானே யோசிச்சிருக்கேன்."

"பேய் இருக்குன்னீங்களே?"

"பேய் இருந்துச்சு, வியாதி இல்ல," என்றார். "பையன் இருந்தா கேளேன். யூலினுக்குத் தெரியும்."

அவர் போன பிறகும் அந்த 'எப்படி இத்தனை நாள் வரவில்லை' மனதை விட்டுப் போகவில்லை. பதில் எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதியை யாரிடம் கேட்க வேண்டும் என்றும் தெரிந்தது. தம்பியின் புது நம்பரை அம்மா அனுப்பி வைத்திருந்தாள். எட்டு மாதமாக என் செல்போனில் இருக்கிறது. ஒருமுறையும் அழுத்தியதில்லை. மணி மூன்றே முக்கால். சிங்லான் ஏப்ரல் பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு, விட்டுப்போன அத்தியாயத்தை ஞாபகத்திலிருந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அக்கா? அம்மாக்கு என்ன?"

"அம்மாக்கு ஒண்ணுமில்ல. டேய், அந்த ஃபோல்டர் திரும்ப வந்துடுச்சு."

அவனுக்குப் பின்னால் தொழிற்சாலைச் சத்தம் கேட்டது.

"திரும்ப வந்துச்சுன்னா... நீ அத எடுத்தியா?"

"எடுத்தேன்."

"நாலுலயுமா?"

"நாலுலயும்தான்."

"ஐயோ அக்கா," என்றான். திட்டவில்லை. "லைப்ரரில சீட்டுல பொஸ்தகத்த வச்சிட்டுப் போவாங்கல்ல, அதான் அது. அந்த வைரஸ் மொதல்ல டெஸ்க்டாப்புல 'பட்ட ஆய்வேடு'ன்னு வந்து உக்காரும். அங்கேருந்துதான் மத்த எடத்துக்குப் போவும். ஒரே எடத்துல ஒரே பேருல ரெண்டு இருக்க முடியாது. அதான் அது வர்றதுக்கு முன்னாடியே அதோட பேருல ஒரு காலி ஃபோல்டரப் போட்டு வச்சேன். யாரும் தெரியாம அழிச்சிடக் கூடாதுன்னு உள்ள ஒரு பூட்டும் போட்டேன். நாலு மெஷினுக்கும் அரை நாள் ஆச்சு."

அந்த அரை நாள். ஜன்னல் பக்கம் திரும்பினேன். காலையில் நான் தூக்கி ஜன்னல் ஓரம் வைத்த குவளை இன்னும் அங்கேயே இருந்தது.

"ஒரு பொண்ணோட ஆய்வேடு போச்சுடா. அஞ்சு மணிக்குக் குடுக்கணும். இல்லன்னா அவ வேலையும் போவும்."

"போவல. அது எதையும் அழிக்காது. ஃபைல ஒளிச்சு வச்சிட்டு அந்த எடத்துல அதுவே உக்காந்துக்கும். கறுப்புத் தெரையத் தொற. நான் சொல்லச் சொல்ல அடி. ஒரு எழுத்துகூட நீயா சேக்காத."

சேர்க்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் சொன்னதை அப்படியே செய்தேன். இரண்டு முறை இடைவெளி விட மறந்தேன், இரண்டு முறையும் பொறுமையாகத் திரும்பச் சொன்னான். நான்கு இருபதுக்கு என்டர் தட்டினேன். பென் டிரைவில் மங்கலாக ஒரு ஃபோல்டர் எழும்பி வந்தது. சிங்லான் திறந்தாள். எண்பத்து நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தின் கடைசித் திருத்தம் வரை இருந்தது. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வந்துடுச்சுடா," என்றேன்.

"அக்கா, வச்சிடாத. குடுத்து முடிச்சதும் எனக்குச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

ஸ்பீக்கரில் இருந்த செல்போனை அப்படியே சட்டைப் பையில் போட்டேன். மூன்று பிரதிகள், இருநூற்று ஐம்பத்திரண்டு தாள். பிரிண்டர் நடுவில் ஒரு தாளைக் கடித்துக்கொண்டது. நீல அட்டை, பசை. பசை ஆறுவதற்குப் பத்து நிமிடம் விட வேண்டும். நான் விசிறியை அதன் மேல் திருப்பி வைத்து, ஆறு நிமிடத்தில் எடுத்தேன். கடையைத் திறந்து போட்டுவிட்டு, பெங் கிழவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இருவரும் ஓடினோம். பின்வாசலிலிருந்து துறைக் கட்டடம் நெடுந்தூரம். மூன்றாவது மாடி. நான் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது சிங்லான் மேலே போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து ஒன்பது.

அந்த ஒன்பது நிமிடமும், அதற்கு மேலும் ஒரு மணி நேரமும் என்னுடையது. போன் செய்ய மனமில்லாமல் நான் வீணாக்கியது.

அலுவலகத்தில் ஆய்வேடுகளை வாங்கும் கெங் டீச்சர் பதிவேட்டை மூடி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சிங்லான் மூன்று பிரதிகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மணி அஞ்சுன்னா அஞ்சுதாம்மா. லேட் ஆனதுக்கு ஸ்டூடண்ட் அஜாக்கிரதை காரணம்னா வாங்க முடியாது. வெளிக் காரணம்னா, காரணமானவங்க விளக்கக் கடிதம் எழுதி, சீல் போட்டுக் குடுக்கணும். அது ஃபைல்ல போவும், ஒரு காப்பி நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம். நாளைக்கு எல்லாரும் இதே கதையச் சொல்லிட்டு வரக் கூடாதில்ல?"

சிங்லான் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்தாள். நோட்டீஸ் போர்டு என்றதும் எனக்குள் என்னென்னவோ ஓடியது. அந்தத் துறை மட்டுமா, அந்த வழியாகப் போகிற எல்லாத் துறைப் பிள்ளைகளும் படிப்பார்கள். ஜூன் வியாபாரம் அதோடு சரி. பெங் கிழவர் அதை மனப்பாடம் செய்து சந்து முழுக்கச் சொல்லுவார். அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேனே, கடை பொறுப்பல்ல என்று. இப்போது திரும்பிப் போனால் யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது.

"ஒரு பேப்பர் குடுங்க," என்றேன்.

நின்றுகொண்டே எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. கடைச் சீல் எப்போதும் என் இடுப்புப் பையில்தான் இருக்கும். சிவப்பு மையில் தோய்த்து அழுத்தினேன், நன்றாக வட்டமாக விழுந்தது. கெங் டீச்சர் தாளை வெளிச்சத்துக்கு நீட்டி, விதிப்படி வாய்விட்டுப் படித்தார்.

"'பின்வாசல் சந்தில் அச்சுக்கடை நடத்தும் ஷாங் யூச்சின் எழுதிக் கொடுப்பது. இன்று மதியம் என் கடையின் நான்கு கணினிகளிலிருந்தும் ஒரு ஃபோல்டரை நீக்கினேன். அது வைரஸ் வராமலிருக்க என் தம்பி ஷாங் யூலின் வைத்தது. அது எதற்கு என்று அவன் சொல்ல வந்தபோது நான் சொல்லவிடாமல், எல்லோர் முன்னாலும் திட்டி அனுப்பிவிட்டேன். வைரஸ் வந்தது அதனால்தான். தெரிந்த பிறகும் அவனைக் கூப்பிட ஒரு மணி நேரம் தாமதித்தேன். மாணவி பாவ் சிங்லான் மேல் எந்தத் தவறும் இல்லை. முழுத் தவறும் என்னுடையது.'"

அவர் நிறுத்தினார். "தம்பி விஷயமெல்லாம் தேவையில்ல. இருந்தாலும் இருக்கட்டும்." பதிவேட்டைத் திறந்து, ஐந்து பதினெட்டு என்று நேரத்தைப் போட்டு, மூன்று பிரதிகளையும் வாங்கி அடுக்கினார். ரசீதைச் சிங்லான் கையில் கொடுத்தார். அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கும் கண் நிறைந்தது.

அப்போது என் சட்டைப் பை பேசியது.

"அக்கா."

அவன் லைனில் இருப்பதையே மறந்துவிட்டிருந்தேன். எடுத்து முகத்தருகே பிடித்தேன்.

"எல்லாம் கேட்டியா?"

"கேட்டேன். ஆனா நீ எழுதினது சரியில்ல. நான் எங்க சொல்ல வந்தேன்? நீ திட்டினதும் எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. என்ன வச்சேன்னு ஒரு சீட்டாவது எழுதி வச்சிட்டுப் போயிருக்கலாம், வேணும்னேதான் வைக்கல. நீயே திண்டாடட்டும்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு விஷயத்துல பாதித் தப்பு என்னோடது. அதையும் ஒரு வரி சேத்துடச் சொல்லு."

கெங் டீச்சருக்கும் கேட்டிருக்கிறது. தாளைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டே, "சீல் போட்டாச்சு. இனிமே ஒரு வரியும் சேக்க முடியாது," என்றார்.

"முடியாதாம்டா," என்றேன். கெங் டீச்சர் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினார். நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். சிங்லானும் ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"அப்ப எங்கிட்டயே சொல்லு. நாலு மெஷின்லயும் அன்னிக்கு என்ன பண்ணின, ஏன் பண்ணினன்னு மொதல்லேருந்து சொல்லு. நடுவுல பேச மாட்டேன்."

அவன் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். நான் நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.